ஆளிருக்கா

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் குளிர்கிடங்கிலும், எதிரே இருந்த டீக்கடையிலும், வீட்டுக்குப் போகிற தெருவிலும் அவர் ‘ஆளிருக்கா’தான். "ஆளிருக்கா அண்ணன் வந்துட்டாரா?" என்பார்கள். "ஆளிருக்கா வீடு எது?" என்று கேட்டு வந்த தபால்காரருக்கு, தெருப்பிள்ளைகள் "ஆளிருக்கு, ஆளிருக்கு" என்று கத்திக்கொண்டே வழி காட்டியிருக்கிறார்கள்.

அவர் மனைவிக்கு அந்தப் பெயர் ஆகாது.

"என்னை ஆளிருக்கா பொண்டாட்டின்னு கூப்பிடறாளுங்க. புருஷன் உயிரோட இருக்கானான்னு விசாரிக்கிற மாதிரி இருக்கு."

"இருக்கேனே. சந்தேகமா இருந்தா கிள்ளிப் பாரு" என்பார் அவர்.

பெயர் வந்தது வேலையிலிருந்து. அவர் கிடங்கின் கதவுக்காரர். நீளமான நடை, அதன் ஓரத்தில் சின்னச் சின்ன அறைகள், கடைசியில், உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் பெரிய அறை. அந்த அறைக் கதவு ஒரு சாணுக்கு மேல் கனம். திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்து கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். மூடினால் உள்ளே இருப்பவன் உலக்கையால் இடித்தாலும் வெளியே கேட்காது. உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். பனி பிடித்துக்கொண்டால் அது அசையாது; பெரும்பாலும் பனி பிடித்துத்தான் இருக்கும்.

ஆகவே கதவை மூடுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. முதலில் வெளியே இருக்கும் சுவிட்சால் உள்ளே ஓடுகிற பெரிய காற்றாடிகளை நிறுத்த வேண்டும். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. இறக்கைகள் முனகி ஓய்ந்ததும், தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நேராக ஒன்று என்று குரல் கொடுக்க வேண்டும்: "ஆள் இருக்கா?" உள்ளே இருப்பவன் "ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வரவேண்டும். கூப்பிட்டு முடித்ததும் கதவுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தாங்காமல் விடும்வரை பதில் வராவிட்டால்தான் கதவு நகரும்.

தலையை எண்ணிப் பார்க்கலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அது நடக்காது. பெரிய அறைக்கு லாரிப் பக்கம் ஒரு சின்னக் கதவும் உண்டு. சுமைக்காரர்கள் அந்த வழியாகக் குதித்து டீக்கடைக்குப் போவார்கள், இந்த வழியாகத் திரும்பி வருவார்கள். எண்ணிக்கை ஒருநாளும் சேராது. குரல்தான் ஒரே வழி. அதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. கதவைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் கிடங்கில் ‘ஆள்’ என்ற சொல் படாத பாடு பட்டது. பெட்டிகளை எவ்வளவு உயரம் அடுக்குவது என்றால் "ரெண்டாள் உயரம்". லாரி நிறைய வந்துவிட்டால் "ஆள் பத்தல". எவனாவது மிரட்டினால் "ஆள் தெரியாம மோதாதே". வேலை போய்விடாது என்று ஒருவன் தெம்பாக இருந்தால் அவனுக்கு "மேல ஆள் இருக்கு". சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுப்பவன் "அவரோட ஆளு". காய்ச்சலில் கிடந்து வந்தவன் "ஆளே பாதியாயிட்டான்". கடன் கேட்டு வந்தவனுக்கு "ஆளை விடுப்பா". கைபேசி ஒலித்ததும் ஓரமாக ஒதுங்கிச் சிரிக்கிறவனுக்கு "ஆளு கூப்பிடுது". செத்துப்போனவரைச் சொல்வதற்கும் அதே சொல்தான்: "ஆள் போயிட்டாரு."

புதிய சூப்பர்வைசர் வந்த அன்று, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த சுமைக்காரரிடம் கேட்டார்கள்.

"அண்ணே, ஆளு எப்படி?"

நெட்டை குளிருக்குப் போடுகிற கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆளு மாதிரிதான் இருக்கு. ஆனா ஆளு இல்ல."

நடையே சிரித்தது. ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கதவுப்படியில் மட்டும் அந்தச் சொல் போட்டிருந்த சட்டைகளையெல்லாம் கழற்றிவிடும். அங்கே ஆள் என்றால் மூச்சு விடுகிற உடம்பு. காதலன் இல்லை, கையாள் இல்லை, பெரிய மனிதன் இல்லை. உள்ளே ஒரு மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. கதவுக்காரர் மற்ற இடங்களில் எல்லோரையும்போல அந்தச் சொல்லை இழுத்தும் வளைத்தும் பேசுவார். கதவுப்படியில் அதை வைத்து யாராவது விளையாடினால் அவருக்குப் பொறுக்காது.

விளையாடியவன் ரேடியோ. வாய் மூடாததால் வந்த பெயர். சுமைக்காரனாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவன் அந்த வேடிக்கையைக் கண்டுபிடித்துவிட்டான். காற்றாடி ஓய்ந்து, "ஆள் இருக்கா?" என்று குரல் போனதும், உள்ளே பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நீட்டி இழுத்து, கடைசியில் குரலை ஒரு தூக்குத் தூக்கிப் பதில் சொல்வான்:

"ஆஆள் இல்ல!"

நடையில் நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கதவுக்காரர் உள்ளே போய்க் காதைப் பிடித்து இழுத்து வருவார்.

"இல்லைன்னு சொல்லவும் ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆளை உள்ள விட்டுட்டு நான் எப்படிடா சாத்துவேன்?"

"சும்மா ஜோக்குண்ணே."

"எனக்கு ஜோக்கு புரியும். இந்தக் கதவுக்குப் புரியாது."

மறுநாளும் அவன் அதையேதான் சொல்வான். அதே இழுப்பு, கடைசியில் அதே தூக்கல். மழைக்காலம் போய் வெயில் வந்தது. வெயில் போய் மறுபடி மழை வந்தது. அந்த அறை அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவுக்காரருக்கு ஒரே மகள். தையல் கடையில் வேலை. அவர் மறந்துவிட்டுப் போகும் சாப்பாட்டு டப்பாவைப் போகிற வழியில் கிடங்கில் கொடுத்துவிட்டுப் போவாள். அப்பாவின் மறதி அதிகமாகிவிட்டது என்று அவர் மனைவி கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவை அவர் பையிலிருந்து எடுத்து ஒளித்து வைப்பதே மகள்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அப்பா, ரேடியோ இருக்காருல்ல..."

"இருக்கான். அவனுக்கென்ன?"

"அவருதான் என் ஆளு."

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரெல்லாம் ஆள் இருக்கா ஆள் இருக்கான்னு கேக்கறீங்க. வீட்டுல ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், மாலை வாங்கித் தந்தார், குறை வைக்கவில்லை. ஆனால் மருமகனை ‘மாப்ள’ என்று கூப்பிட மட்டும் அவருக்கு நாக்கு வரவில்லை. கிடங்கில் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தால் நெட்டையிடம் "அந்த ஆளை வரச் சொல்லு" என்பார். வீட்டில் "அந்த ஆளு சாப்பிட்டாச்சா?" என்பார். அவனோ முதல் நாளிலிருந்தே வாய் நிறைய ‘மாமா’தான்.

"ஒரு தடவை மாப்ளன்னு கூப்பிட்டா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று மனைவி கேட்பாள்.

"கதவுகிட்ட அந்த விளையாட்டை நிறுத்தட்டும். அப்புறம் கூப்பிடறேன்."

அவன் நிறுத்திவிட்டான். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரத்தில், யாரும் சொல்லாமல் அவனே வந்து நின்றான்.

"புள்ள வரப்போகுது மாமா. இனிமே அந்த ஜோக்கு கிடையாது. சத்தியமா."

அவர் தலையாட்டினார். அன்று கூப்பிட்டிருக்கலாம். நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கடைசி லாரி போனது. சுமைக்காரர்கள் எல்லோரும் நடைக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கதவுக்காரர் காற்றாடியை நிறுத்தினார். இறக்கைகள் ஓய்ந்தன. மூன்று பக்கமும் குரல் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஆள் இல்ல."

கடைசியில் அதே தூக்கல். அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நேத்து சத்தியம் பண்ணின வாய்தானே அது?" என்று கத்தியபடி உள்ளே காலை வைத்தார்.

"மாமா."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினார். ரேடியோ நடையில் நின்றிருந்தான். கோட்டின் ஒரு கை கழன்றிருந்தது, இன்னொரு கை கழலவில்லை. அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிக்க ஆரம்பித்திருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"எதிரொலியா இருக்கும்" என்றார் நெட்டை.

"நான் ‘இருக்கா’ன்னு கேட்டேன். எதிரொலி ‘இல்ல’ன்னா திரும்பி வரும்?"

டார்ச் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார்கள். யாரும் இல்லை. கடைசி வரிசையில் கதவுக்காரர் மட்டும் சற்று நின்றார். அந்தக் குளிரில் ஒருவன் ஒரே இடத்தில் நின்று பேசினால் அவன் மூச்சு எதிரே இருக்கிற பெட்டியில் படிந்து பனியாகப் பூத்துவிடும். அங்கே ஒரு பெட்டியில், சரியாக வாய் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புதுப்பனி பூத்திருந்தது. அவர் கையுறையால் அதைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம் திறந்து போட்டிருக்கீங்க? மீன் இளகிப் போனா ஆளுக்கு ஆள் பதில் சொல்லணும்" என்று சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டார். கதவு மூடப்பட்டது.

அதன்பிறகு அந்தப் பதில் நின்றபாடில்லை. அதிலும் ஓர் ஒழுங்கு இருந்ததை அவர் கவனித்தார். உள்ளே நிஜமாக ஒருவன் இருந்தால் அவன் "ஆள் இருக்கு" என்பான், அறை பேசாது. எல்லோரும் வெளியே வந்து உள்ளே யாருமே இல்லாதபோது மட்டும், ரேடியோவின் குரலில், "ஆள் இல்ல." அவர் சோதித்துப் பார்த்தார். நெட்டையை உள்ளே நிறுத்திக் கேட்டார், வெளியே நிறுத்திக் கேட்டார். ஒருமுறைகூட அது தப்பவில்லை.

முதலில் எல்லோருக்கும் பயம். பிறகு பயம் பழகியது. பழகியதும் கிண்டல் வந்தது.

"உள்ள ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்திருக்கு. சம்பளம் கேக்காத ஆளு."

"அதுக்கும் மேல ஆள் இருக்கும் போல. சூப்பர்வைசரே ஒண்ணும் சொல்லல."

நெட்டை மட்டும் சிரிக்காமல், "ஆளு மாதிரிதான் இருக்கு. ஆனா ஆளு இல்ல" என்றார். தான் முன்பு சொன்ன அதே வார்த்தைகள் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

தினமும் நடப்பதை, தினமும் சரியாக இருப்பதை, வேலை செய்கிறவர்கள் ஒரு கட்டத்தில் நம்பிவிடுவார்கள். கதவுக்காரரும் நம்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டார். குரல் கொடுப்பார், "ஆள் இல்ல" என்று வரும், கதவைச் சாத்துவார். முன்பைவிட வேலை சீக்கிரம் முடிந்தது. காதைப் பிடித்து இழுத்து வரக் காரணமாக இருந்த அதே பதில் இப்போது அவருக்குக் கதவை மூட உத்தரவாக ஆகிவிட்டது.

இதை அவர் வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். மனைவி பரிமாறுவதை நிறுத்தினாள்.

"யாருமே இல்லாதப்போ அது மாப்ள குரல்ல பேசுது."

"ஆமா."

"அது இல்லைன்னு சொன்னதும் நீங்க சாத்திடறீங்க."

"இதுவரைக்கும் தப்பா சொன்னதில்லையே."

"நாளைக்கு மாப்ள உள்ள இருக்கும்போது அதே குரல்ல இல்லைன்னு சொல்லுச்சுன்னா?"

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அடுத்த அறையில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் மருமகனை நடையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ வேற வேலை பாரு. லாரி ஆபீஸ்ல எனக்கு ஆள் இருக்கு. நான் சொல்றேன்."

"புள்ள பொறக்கற நேரத்துல இருக்கிற வேலையை விடச் சொல்றீங்களே மாமா. பொறக்கட்டும், போறேன். அதுவரைக்கும் ஆளை விடுங்க."

"அது உன் குரல்டா."

"அதனாலதான் பயமில்ல. என் குரல் என்னையே என்ன பண்ணிடும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். பிளாஸ்டிக் பட்டைகள் அவனுக்குப் பின்னால் ஒன்றோடொன்று உரசி அடங்கின.

அன்றிலிருந்து கதவுக்காரர் மறுபடி மூச்சைப் பிடிக்க ஆரம்பித்தார். "ஆள் இல்ல" என்று வந்த பிறகும், மருமகன் முகத்தைக் கண்ணால் பார்க்காமல் கதவில் கை வைப்பதில்லை. அவன் டீக்கடையில் இருந்தால் நடைவாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். "அண்ணனுக்கு மாப்ள மேல திடீர்னு பாசம் பொங்குது" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் விடுமுறை என்றிருந்த ஒரு சாயங்காலம். அன்று மூடினால் பெரிய அறை இடையில் ஒருநாள் முழுக்கத் திறக்கப்படாது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். அவசரத்தில் கடைசி வரிசையை ஒழுங்காக அடுக்கவில்லை. ரெண்டாள் உயரத்துக்குப் பெட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. லாரிப் பக்கக் கதவைப் பூட்டியாயிற்று. பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று.

கதவுக்காரர் காற்றாடியை நிறுத்தினார். ஓயும்வரை காத்திருந்தார். "ஆள் இருக்கா?" என்றார். இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆஆள் இல்ல."

எப்போதும் அது மூன்று குரலும் முடிந்த பிறகுதான் பேசும். இன்று அதற்கு ஏதோ அவசரம்.

அவர் சுவரைப் பார்த்தார். கோட்டு மாட்டும் ஆணிகளில் ஒன்று காலியாக இருந்தது. ரேடியோவுடையது.

"எங்க அந்த ஆளு?"

"லாரிப் பக்கமா குதிச்சுப் போயிருப்பான். கோட்டோடதானே டீக்கடைக்குப் போவான் எப்பவும்?" என்றார் நெட்டை.

"போனதைப் பாத்தியா?"

நெட்டை யோசித்தார். "பாத்த மாதிரிதான் இருந்துச்சு."

சூப்பர்வைசர் நடையின் அந்தப் பக்கத்திலிருந்து, "சாத்துங்கய்யா. அதான் இல்லைன்னு சொல்லுதே" என்றார். அவரும் நம்ப ஆரம்பித்திருந்தார்.

நெட்டை டீக்கடைக்கு ஓடினார். கதவுக்காரர் மறுபடி தலையை உள்ளே நீட்டினார்.

"ஆள் இருக்கா?"

"ஆள் இல்ல."

முன்பைவிடக் கிட்டத்தில். நடுவரிசை அளவில்.

"ஆள் இருக்கா?"

"ஆள் இல்ல."

இன்னும் கிட்டத்தில். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. பிளாஸ்டிக் பட்டைகளில் ஒன்று, காற்றே இல்லாதபோது, யாரோ தோளால் ஒதுக்கினதைப்போல மெல்ல அசைந்தது. அதற்குப் பின்னால் பெட்டிகளும் மங்கிய விளக்கும்தான் இருந்தன. பட்டையின் உட்புறத்தில், அவர் முகத்துக்கு நேராக, வாய் உயரத்தில் பனி பூக்கத் தொடங்கியது.

நெட்டை திரும்பி ஓடி வந்தார். தூரத்திலிருந்தே கையை விரித்தார். டீக்கடையில் இல்லை.

உள்ளே நுழைந்து தேடலாம். ஆனால் அறை பெரியது, வரிசைகள் பல. எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ஒவ்வொரு சந்தாகப் புகுந்தால் அதற்குள் அந்தக் குளிர் தன் வேலையை முடித்துவிடும். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவேண்டும். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் அவனை முந்திக்கொண்டு அதுதான் பதில் சொல்லும். அந்தக் கேள்வி அதற்கு மனப்பாடம். அந்தச் சொல்லையே தின்று வளர்ந்தது அது. அந்த அறைக்குள் அவர் இதுவரை கூப்பிடாத பெயர் ஒன்று வேண்டும்.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரே கத்தாகக் கத்தினார்:

"மாப்ள!"

அறை பேசவில்லை.

பட்டை அசைவது நின்றது. எதிரே எதுவோ தலையைச் சாய்த்துக்கொண்டு யோசிப்பது போல ஒரு நிசப்தம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மார்பு வெடித்துவிடும்போல இருந்தது. அப்போது தூரத்தில், கடைசி வரிசையின் இடது மூலையில், இரும்புத் தூணில் விரல் முட்டி இடிக்கும் ஓசை கேட்டது. டொக். பிறகு ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டொக்.

ஓடினார்கள். சாய்ந்து நின்ற அடுக்கு சரிந்து, தூணோடு சேர்த்து அவனை மார்புவரை மூடியிருந்தது. அடுக்கு சரியாக இல்லையே என்று நிமிர்த்திவைக்கத் திரும்பிப் போயிருக்கிறான். இமை முடிகளில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. பெட்டிகளை இழுத்துப் போட்டு, நடைக்குத் தூக்கி வந்து, இருக்கிற கோட்டையெல்லாம் அவன்மேல் போட்டார்கள். சூப்பர்வைசரே ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். கதவுக்காரர் அவன் கைகளைத் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

பல் கிட்டுவது கொஞ்சம் நின்றதும் அவன் பேசினான்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு மாமா. இருக்குன்னு சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னாடி அது சொல்லிடுச்சு."

"எங்க இருந்து?"

"முதல்ல என் காதுகிட்ட. அப்புறம் உங்க பக்கம் நடந்து போச்சு. போகும்போது சிரிச்சுது. நான் சிரிக்கிற மாதிரியே."

கதவுக்காரர் அவன் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"மாப்ளன்னு நீங்க கூப்பிட்டதும் அதுக்கு ஒண்ணும் புரியல போல. அப்படியே நின்னுடுச்சு. அப்பத்தான் எனக்குக் கை அசைஞ்சுது" என்றான். பிறகு அவன் முகத்தில் பழைய ரேடியோ கொஞ்சம் எட்டிப் பார்த்தான். "கடைசில கூப்பிட்டுட்டீங்க மாமா."

லாரி ஆபீஸ் வேலைக்குச் சொல்லியாயிற்று. அவன் உடம்பு தேறியதும், கிடங்கில் விட்டுப்போன சாமான்களை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போக வந்தான். மூடுகிற நேரம். நெட்டையோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நாளுக்குப் பிறகு கதவுக்காரர் குரல் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். லாரிப் பக்கக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. சாவி அவர் இடுப்பில். யாரும் முணுமுணுக்கவில்லை. இப்போது எல்லோரும் ஒரே வழியாக வந்து, ஒவ்வொருவராக அவர் உள்ளங்கையில் தங்கள் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அன்றும் எல்லாக் கைகளும் வந்தாயிற்று. காற்றாடி ஓய்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கதவைத் தள்ளினார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும்போது, உள்ளேயிருந்து, அவருடைய குரலில், அவர் ஒருநாளும் கூப்பிட்டிராத அளவுக்கு அன்பாக, வாய் நிறைய வந்தது:

"மாப்ள..."

"இதோ வந்துட்டேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே அவன் திரும்பி நடந்தான். வலது கால் கதவுப்படியைத் தாண்டிவிட்டது. அவர் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். தோளால் கதவை அடித்து மூடி, அதைப் பூட்டும் இரும்புப் பிடியை இறக்கினார்.

இருவரும் கதவில் சாய்ந்தபடி நின்றார்கள்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க மாமா?"

அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதே குரல்தான் வரும்.

பேத்தி பிறந்தாள். மருமகன் லாரி ஆபீஸில் இப்போது கொஞ்சம் பெரிய ஆள். கதவுக்காரர் ஓய்வு பெறும்வரை அந்தக் கதவிலேயே இருந்தார். ஊர் அவரை இன்னும் ‘ஆளிருக்கா’ என்றுதான் சொல்கிறது. அவர் மனைவிக்கு ஒரே ஒரு குறை.

"ஒரு தடவை மாப்ளன்னு கூப்பிட்டீங்களாமே. கிடங்கே கேட்டுச்சாம். என் காதுல விழ மாட்டேங்குதே."

அவர் பதில் சொல்லமாட்டார். மருமகன் வந்தால் எழுந்துபோய் அவன் தோளில் கையை வைப்பார். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கமாட்டார். அந்த வீட்டில் யாரும் யாரையும் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதில்லை. வேண்டுமென்றால் எழுந்து வந்து எதிரில் நிற்பார்கள். குழந்தை மட்டும் இன்னும் அதைப் பழகவில்லை. விளையாடிக்கொண்டே இருப்பவள் சில சமயம் சட்டென்று நிமிர்ந்து, மூடியிருக்கிற அறைக் கதவைப் பார்த்து, "தாத்தா, என்னையா கூப்பிட்டே?" என்பாள்.

அவர் அவளுக்கு எதிரே தரையில்தான் உட்கார்ந்திருப்பார்.